ரத்த வகை எவ்வளவு தூரம் நோயைச் சொல்லும்?

"ஓ குரூப்காரர்களுக்கு மாரடைப்பு வராது", "ஏ குரூப் என்றால் வயிற்றில் புற்றுநோய் வரும்" என்பன போன்ற செய்திகள் கைபேசிகளில் உலவுவது புதிதல்ல. நீலகிரியில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு கிளையும் உண்டு. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி வட்டாரங்களின் பழங்குடிக் கிராமங்களில், சிவப்பணுக்களை அரிவாள்போல் வளைய வைக்கும் பரம்பரை நோயான சிக்கிள் செல் நோய்க்குப் பரிசோதனை பல ஆண்டுகளாக நடந்து வருவதால், ரத்தம் எடுத்துப் பார்ப்பது என்றாலே அது குரூப் பார்ப்பதற்கா, சிக்கிள் பார்ப்பதற்கா என்ற குழப்பம் எளிதில் வந்துவிடுகிறது. "எனக்கு ஓ பாசிட்டிவ்தானே, பிறகு எப்படி சிக்கிள் வரும்?" என்ற கேள்வி அந்தக் குழப்பத்தில் பிறப்பது. ரத்த வகைக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்றால், உண்டு; அது கற்பனையோ ஜோதிடமோ அல்ல. ஆனால் அந்தத் தொடர்பு பெரும்பாலான நோய்களில் மிகச் சிறியது. இந்த மாவட்டத்தைப் பொறுத்தவரை, ஒருவருடைய உடல்நலத்தைப் பற்றி அதிகம் பேசும் ரத்தப் பண்பு, குரூப் அட்டையில் எழுதப்படாத வேறொன்று.

முதலில் ரத்த வகை என்பது என்ன என்பதைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். வியன்னாவில் பணியாற்றிய கார்ல் லாண்ட்ஸ்டைனர், ஒருவரின் சீரத்தை (அணுக்கள் நீங்கிய ரத்தத்தின் தெளிந்த நீரை) இன்னொருவரின் சிவப்பணுக்களோடு சேர்த்தபோது சில சேர்க்கைகளில் அணுக்கள் திரண்டு கட்டியாவதையும், சிலவற்றில் அப்படி ஆகாமலிருப்பதையும் கண்டு, 1901இல் மனித ரத்தத்தை மூன்று பிரிவுகளாகப் பிரித்துக் காட்டினார். நான்காவதான ஏபி வகை மறு ஆண்டில் அவருடைய சகாக்களால் கண்டறியப்பட்டது. இந்தக் கண்டுபிடிப்புக்காக 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அணுக்களைத் திரள வைப்பது எது என்பது பின்னாளில் விளங்கியது. சிவப்பணுவின் மேற்பரப்பில் நீட்டிக் கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் எந்தச் சர்க்கரை ஒட்டப்பட்டிருக்கிறது என்பதே வகையைத் தீர்மானிக்கிறது. ஏ வகையினரிடம் ஒரு சர்க்கரை, பி வகையினரிடம் வேறொன்று, ஏபி வகையினரிடம் இரண்டும். ஓ வகையினரிடம் இரண்டும் இல்லை. எச் எனப்படும் அடிப்படைச் சங்கிலி மட்டும் அப்படியே நிற்கும். ஒட்டும் வேலையைச் செய்யும் நொதிக்கான மரபணு ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது. ஓ வகையினர் பெரும்பாலோரிடம் அந்த மரபணுவில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருப்பதால் நொதி உருவாகாமல் போகிறது. அந்த அடிப்படைச் சங்கிலியே இல்லாத அபூர்வ வகையினரை 1952இல் பம்பாயில் மருத்துவர் ஒய். எம். பெண்டேயும் அவரது சகாக்களும் கண்டறிந்தனர். இன்றும் அது 'பம்பாய் வகை' என்றே உலகெங்கும் அழைக்கப்படுகிறது. சாதாரணச் சோதனையில் இவர்கள் ஓ வகையினரைப் போலத் தெரிவார்கள். ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால் ஆபத்து.

இந்தச் சர்க்கரைகள் சிவப்பணுக்களில் மட்டும் இருந்திருந்தால், ரத்தம் ஏற்றுவதைத் தவிர வேறெதற்கும் ரத்த வகை முக்கியமாகியிருக்காது. ஆனால் ரத்தக் குழாய்களின் உட்சுவர், குடலின் உட்படலம், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஆகியவற்றிலும் அவை இருக்கின்றன. பலருடைய எச்சிலிலும் கரைந்து கிடக்கின்றன. கிருமிகள் உடலுக்குள் நுழையும்போது முதலில் தொட்டுப் பார்க்கும் இடங்கள் இவை. ரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களில் ஒன்றும் இதே சர்க்கரைகளைச் சுமந்து திரிகிறது. நோயோடு ரத்த வகைக்கு உள்ள தொடர்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வாசல்கள் வழியாகவே வருகின்றன.

உறைதலைப் பற்றியே முதலில் பேசலாம், ஏனென்றால் இங்கேதான் தொடர்பு மிக வலுவாகவும், அதன் காரணம் மிகத் தெளிவாகவும் இருக்கிறது. ரத்தக் குழாய் கிழிபடும் இடத்தில் தட்டணுக்களை ஒட்ட வைப்பது வான் வில்லிபிராண்ட் காரணி என்ற பெரிய புரதம். ரத்தம் உறைய வேண்டிய இன்னொரு புரதமான எட்டாவது உறைதல் காரணியைத் தன்னோடு சேர்த்துக் காப்பாற்றி வைத்திருப்பதும் அதுவே. ஓ வகையினரின் ரத்தத்தில் இந்தப் புரதம் மற்றவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவாக இருக்கிறது. ஏ அல்லது பி சர்க்கரை இல்லாத நிலையில் அந்தப் புரதத்தை உடல் விரைவாகவே ரத்த ஓட்டத்திலிருந்து அகற்றிவிடுவது இதற்கு முக்கியக் காரணம். இதன் விளைவாக, கால்களில் ஆழமாக உள்ள ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்து, சில வேளை அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும் நோய், ஓ அல்லாத வகையினருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. பல நாடுகளில், பல்வேறு முறைகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான முடிவு இது.

இரண்டு மடங்கு என்றதும் பதற வேண்டியதில்லை. எதன் இரண்டு மடங்கு என்று கேட்க வேண்டும். மேலை நாடுகளின் கணக்குப்படி, வயது வந்தோர் ஆயிரம் பேரில் சுமார் ஒருவருக்கு ஆண்டுதோறும் இந்நோய் வருகிறது. அந்த ஒன்றை வகைவாரியாகப் பிரித்தால், ஓ வகையினருக்கு ஒன்றுக்கும் குறைவாகவும், மற்றவர்களுக்கு ஒன்றுக்குச் சற்றே அதிகமாகவும் வரும். இரண்டு சிறிய எண்களுக்கு இடையிலான விகிதம் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும், தனிமனிதர் அன்றாட வாழ்வில் உணரக்கூடிய வேறுபாடு அதில் இல்லை. இடுப்பெலும்பு முறிந்து வாரக் கணக்கில் படுக்கையில் கிடப்பது, பெரிய அறுவை சிகிச்சை, கர்ப்பம், புற்றுநோய் ஆகியவை அந்த அபாயத்தை உயர்த்தும் அளவுக்கு ரத்த வகை உயர்த்துவதில்லை. செய்தித் தலைப்புகள் விகிதத்தை மட்டும் சொல்லிவிட்டு அடிப்படை எண்ணை விட்டுவிடுவது ரத்த வகை விஷயத்தில் மட்டும் நடப்பதல்ல என்றாலும், இங்கே அது தவறாமல் நடக்கிறது.

இதே விஷயத்துக்கு மறுபக்கமும் உண்டு. உறைவது குறைவு என்றால் கசிவது அதிகம். ஓ வகையினருக்கு இயல்பாகவே வான் வில்லிபிராண்ட் காரணி குறைவாக இருப்பதால், மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு என்று மருத்துவரிடம் வரும் ஓ வகைப் பெண்ணின் பரிசோதனை முடிவு, அந்தக் காரணி பிறவியிலேயே குறைந்திருக்கும் நோயின் எல்லையைத் தொடுவதுபோலத் தோன்றலாம். அவருக்கு உண்மையிலேயே அந்த நோய் இருக்கிறதா, அல்லது அது அவருடைய வகைக்கு இயல்பான அளவுதானா என்று முடிவு செய்வதற்கு, பரிசோதனைத் தாளின் ஓரத்தில் ரத்த வகையையும் பார்க்கும் பழக்கம் உதவும்.

மாரடைப்புக்கு வருவோம். அமெரிக்காவில் செவிலியர்களையும் மருத்துவத் துறை ஆண் ஊழியர்களையும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்த இரண்டு பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் 2012இல் வெளியிட்ட முடிவின்படி, ஓ வகையினரோடு ஒப்பிடும்போது இதய நாள நோய் ஏபி வகையினருக்குச் சுமார் 23 சதவீதம் அதிகமாக வந்தது. ஏ, பி வகையினருக்கு அதைவிடக் குறைவான உயர்வு. ஆராயப்பட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். அந்த 23 சதவீதத்தை எடைபோட இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வைக்கலாம். இந்தியா உட்பட 52 நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளை ஆராய்ந்து 2004இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், புகைப்பவருக்கு அபாயம் புகைக்காதவரைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று தெரிந்தது. பீடியை விடாத ஓ பாசிட்டிவ்காரர், பீடியைத் தொடாத ஏபிகாரரைவிட எவ்விதத்திலும் பாதுகாப்பானவர் அல்லர். இளவயதுப் பக்கவாதத்திலும் இதே திசைதான்: 2022இல் வந்த ஒரு பெரிய மரபணுத் தொகுப்பாய்வில், அறுபது வயதுக்குள் வரும் பக்கவாதம் ஏ வகையின் ஒரு பிரிவினருக்குச் சற்று அதிகமாகவும், ஓ வகையினருக்குச் சற்றுக் குறைவாகவும் இருந்தது. வயது கூடக் கூட இந்த வேறுபாடு மங்கிவிடுகிறது. ரத்தம் உறையும் தன்மையைவிட நாளங்களில் படியும் கொழுப்பு அப்போது முக்கியமாகிவிடுவதே காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

வயிற்றுக் கதை இதைவிடப் பழையது. 1953இல் லண்டனைச் சேர்ந்த அறுவை சிகிச்சைப் பேராசிரியர் இயன் ஏர்டும் அவரது சகாக்களும், இரைப்பைப் புற்றுநோய் நோயாளிகளிடையே ஏ வகையினர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருப்பதைக் காட்டினர். மறு ஆண்டில், வயிற்றுப் புண் நோயாளிகளிடையே ஓ வகையினர் அதிகம் என்றும் தெரிவித்தனர். ஏ வகையினருக்கு இரைப்பைப் புற்றுநோய் சுமார் 20 சதவீதம் அதிகம் என்பதே அந்தக் கணக்கின் சாரம். வயிற்றுப் புண்ணுக்குக் காரம், புளி, கவலை என்று பல காரணங்கள் சொல்லப்பட்டு வந்த காலம் அது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவே முதன்மைக் காரணம் என்பது அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. அந்தக் கிருமி இரைப்பைச் சுவரில் பற்றிக்கொள்ளப் பயன்படுத்துவது ரத்த வகையைச் சேர்ந்த சர்க்கரைகளையே என்பது 1993இல் தெரிந்தபோது, ஏர்டு குழுவினரின் பழைய எண்களுக்கு ஓரளவு காரணம் கிடைத்தது. கணையப் புற்றுநோயிலும் ஓ அல்லாதவர்களுக்கு அபாயம் கூடுதல் என்பதை 2009இல் மரபணு ஆய்வு ஒன்று உறுதிப்படுத்தியது. அந்தப் புற்றுநோயே அரிது என்பதால், அதற்காக யாரையும் வகை பார்த்துப் பரிசோதிப்பதில்லை.

ஏர்டு கண்டது போன்ற தொடர்புகளை அந்தக் காலத்திலேயே பலர் சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. அதை விளக்க நீலகிரியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். இந்த ஒரு சிறிய மாவட்டத்தில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடிகள் இருக்கின்றனர். பல நூற்றாண்டுகளாக இங்கே வேளாண்மை செய்யும் படுகர்கள் இருக்கின்றனர். தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த சமவெளித் தமிழர்களின் வழிவந்தோர், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர், கூடலூர்ப் பக்கம் குடியேறிய மலையாளிகள் என்று மேலும் பலர். இவர்களில் பெரும்பாலோர் தத்தம் சமூகத்துக்குள்ளேயே மணம் செய்து வந்தவர்கள்; ஆகவே ரத்த வகைகளின் விகிதம் சமூகத்துக்குச் சமூகம் வேறுபடும். உணவு, வேலை, வாழும் உயரம், மருத்துவமனைக்கு வரும் பழக்கம் ஆகியவையும் அப்படியே வேறுபடும். இப்போது ஒருவர் கூடலூர் மருத்துவமனைக்கு வரும் வயிற்று நோயாளிகளின் வகைகளை எடுத்து, உதகமண்டலத்து ரத்த தானக்காரர்களின் வகைகளோடு ஒப்பிட்டு, 'பி வகையினருக்கு வயிற்று நோய் அதிகம்' என்று எழுதினால், அவர் அளந்தது பி வகையின் விளைவையா, அல்லது பி வகை அதிகமுள்ள ஏதோ ஒரு சமூகத்தின் வறுமையையா என்று சொல்ல முடியாது. ரத்த வகை அங்கே வெறும் சாட்சி. குற்றவாளி வேறெங்கோ இருப்பார்.

இதிலிருந்து தப்ப, ஒரே பெற்றோருக்குப் பிறந்த உடன்பிறந்தோரிடையே வகை வேறுபாட்டையும் நோய் வேறுபாட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை லிவர்பூல் மருத்துவர் சிரில் கிளார்க்கும் சகாக்களும் 1950களிலேயே வயிற்றுப் புண் ஆய்வில் கையாண்டனர். இன்று மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து, வம்சாவளி வேறுபாட்டைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு ஒப்பிடுகிறார்கள். அந்தச் சல்லடையிலும் தங்கிய தொடர்புகள் தாம் மேலே சொன்ன ரத்த உறைவும் கணையப் புற்றுநோயும் போன்றவை. நம் நாட்டில் சில நூறு நோயாளிகளை வைத்து வெளிவரும் 'இந்த நோய்க்கு இந்த வகை' என்ற கட்டுரைகள் பலவும் அந்தச் சல்லடையில் போடப்படாதவை. அவற்றைச் சந்தேகக் கண்ணோடே படிக்க வேண்டும்.

தொற்று நோய்களில் மிகச் சுவையானது மலேரியா. பால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி நுழைந்த சிவப்பணு, பக்கத்திலுள்ள நல்ல அணுக்களைத் தன்மேல் ஒட்ட வைத்துக்கொண்டு கொத்துக் கொத்தாகச் சிறு நாளங்களை அடைக்கிறது. மூளைக் காய்ச்சலாக முற்றி உயிரைப் பறிக்கும் மலேரியாவில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஏ, பி சர்க்கரைகள் அந்தக் கொத்தை இறுகப் பிடிக்க உதவுகின்றன. ஓ வகையினரிடம் கொத்து தளர்வாகவே அமைகிறது. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் நடந்து 2007இல் வெளிவந்த ஆய்வு, ஓ வகைக் குழந்தைகளுக்குக் கடுமையான மலேரியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகக் குறைவு என்று காட்டியது. காலராவில் இது தலைகீழ்: ஓ வகையினருக்குக் காலரா தொற்றுவது அதிகமில்லை என்றாலும், தொற்றினால் வயிற்றுப்போக்கு கடுமையாகிறது. காலரா நெடுங்காலமாக நிலைகொண்ட கங்கைச் சமவெளிக் கழிமுகத்தில் ஓ வகையினரின் விகிதம் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணமாகலாம் என்று பல ஆராய்ச்சியாளர்கள் கருதுகின்றனர். கோவிட் காலத்தில் இத்தாலி, ஸ்பெயின் நோயாளிகளிடம் செய்த மரபணு ஆய்வு ஏ வகையினருக்கு நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல் என்றது. பின்னர் வேறு இடங்களில் நடந்த சில ஆய்வுகளில் அது தென்படவில்லை. எப்படியானாலும் ஒருவருடைய சிகிச்சையை அது மாற்றவில்லை.

மலேரியா பற்றிப் பேசும்போது நீலகிரியின் நில அமைப்பை மறந்துவிடக் கூடாது. ஏறத்தாழ இரண்டாயிரம் மீட்டர் உயரத்திலுள்ள உதகைப் பீடபூமியின் குளிரில் கொசுவின் உடலுக்குள் ஒட்டுண்ணி வளர்ந்து முதிர்வது அரிது. பால்சிபாரத்துக்குச் சுமார் 18 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். ஆனால் சுற்றிலுமுள்ள அடிவாரக் காடுகளும், மாயாற்றுப் பள்ளத்தாக்கும், வயநாட்டை ஒட்டிய கூடலூர்ச் சரிவுகளும் காய்ச்சல் பூமியாக இருந்தவை. மேட்டில் வாழ்ந்தோரும் சரிவில் வாழ்ந்தோரும் ஒரே மாவட்டத்தினராக இருந்தும், தலைமுறை தலைமுறையாக எதிர்கொண்ட நோய் வேறு. அந்த வேறுபாட்டின் தடம் அவர்களுடைய ரத்தத்தில் பதிந்திருக்கிறது. ஆனால் அது ஏ, பி, ஓ வகைகளில் அல்ல.

1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர், தென்னிந்தியாவில் சிக்கிள் செல் பண்பு இருப்பதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அறிவித்தனர். அவர்கள் ஆராய்ந்தது நீலகிரி மலை மக்களின் ரத்தத்தை. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்று அதுவரை கருதப்பட்டது இந்தியாவில் இருப்பது அந்த ஆண்டில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. கட்புஷ் ரத்த வகை ஆராய்ச்சியில் தேர்ந்தவர். டஃபி என்ற ரத்த வகை அமைப்பை 1950இல் மொல்லிசன் என்ற ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து விவரித்தவர் அவரே. அந்த டஃபி அடையாளம் சிவப்பணுவில் இல்லாதவர்களை வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியா எளிதில் தாக்குவதில்லை என்று 1976இல் வேறு குழு கண்டறிந்தது. மேற்கு ஆப்பிரிக்கர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள். ஆக, ரத்த வகை என்றால் ஏ, பி, ஓ மட்டுமல்ல. நோயோடு மிக நெருங்கிய தொடர்புடைய வகைகள் பலவற்றை நம் குரூப் அட்டைகள் குறிப்பிடுவதே இல்லை.

சிக்கிள் செல் என்பது வகையே அல்ல. அது, சிவப்பணுவுக்குள் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பிழை. பதினோராவது குரோமோசோமில் உள்ள மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால், பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் ஓர் அமினோ அமிலத்துக்குப் பதில் இன்னொன்று அமர்கிறது. அந்த ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை விட்டவுடன் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட கம்பிகளாகிவிடுவதால், வட்டமான அணு அரிவாள்போல் வளைந்து விறைத்துப் போகிறது. இயல்பான சிவப்பணு 120 நாள் வாழும். இது இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தாங்குவதில்லை. அதனால் ரத்தசோகை வருகிறது. வளைந்த அணுக்கள் சிறு நாளங்களை அடைப்பதால் எலும்புகளில் தாங்க முடியாத வலி, மார்பு நோய், மண்ணீரல் கெட்டுப்போய் எளிதில் தொற்று, சிலருக்குச் சிறு வயதிலேயே பக்கவாதம் ஆகியவையும் வருகின்றன. பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் கடத்துபவர். பொதுவாக அவருக்குத் தொல்லை எதுவும் இருக்காது, கூடவே கடுமையான மலேரியாவிலிருந்து மிக வலுவான பாதுகாப்பும் கிடைக்கிறது. ஓ வகை கொடுக்கும் பாதுகாப்பு இதன் முன் சிறியது. காய்ச்சல் சரிவுகளில் வாழ்ந்த இருளர், குறும்பர், பணியர் போன்ற சமூகங்களில் இந்த மரபணு கணிசமாக நிலைத்ததன் காரணம் அதுதான்.

ஓ பாசிட்டிவ்காரருக்கு எப்படி சிக்கிள் வரும் என்று தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். ஏ, பி, ஓ வகையைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்பதாவது குரோமோசோமில். சிக்கிள் மரபணு பதினோராவதில். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று சொல்ல வைக்கும் ஆர்எச் மரபணு முதலாவதில். மூன்றும் தனித்தனியாகப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கின்றன. ஓ பாசிட்டிவ் என்பதிலிருந்து சிக்கிளைப் பற்றி எதையும் ஊகிக்க முடியாது, மறுதலையாகவும் முடியாது. அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். முதலில் செய்யப்படும் எளிய கரைசல் சோதனை, மரபணு இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். அவர் நோயாளியா, கடத்துபவரா என்பதை ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்க்கும் அடுத்த சோதனைதான் சொல்லும். கடத்துபவர் இருவர் மணந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோயுள்ள குழந்தைக்கு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது என்பதால் அடுத்த குழந்தை தப்பிவிடும் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

கோத்தகிரியை மையமாகக் கொண்டு 1958 முதல் இயங்கிவரும் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும், கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையை நடத்திவரும் அஸ்வினி அமைப்பும் இந்த நோயைத் தேடிக் கண்டறிந்து கவனித்து வந்த வரலாறு, மத்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கிய தேசியச் சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்துக்கு நெடுங்காலம் முந்தையது. குழந்தைப் பருவத்திலேயே கண்டறிந்து, தடுப்பூசிகளும் பென்சிலினும் கொடுத்து, தேவைப்படுவோருக்கு ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்தால் வலியும் மருத்துவமனை வாசமும் வெகுவாகக் குறைகின்றன. குளிரும் நீர்ச்சத்துக் குறைவும் வலியைத் தூண்டுபவை என்பதால், மார்கழி, தை மாத உறைபனி நாட்களில் கம்பளியும் வெந்நீரும் இந்த நோயாளிகளுக்கு மருந்தோடு சேர்ந்தவை.

ஏ, பி, ஓ வகைகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் தகவலாகவே நின்றுவிடுவது, ஆர்எச் விஷயத்தில் செயலாகியே தீர வேண்டும். இந்தியாவில் சுமார் 5 சதவீதத்தினர் ஆர்எச் நெகட்டிவ். அத்தகைய பெண்ணின் வயிற்றில் பாசிட்டிவ் குழந்தை வளர்ந்தால், பிரசவத்தின்போது குழந்தையின் சில அணுக்கள் தாயின் ரத்தத்தில் கலந்து, தாயின் உடல் அவற்றுக்கு எதிரான புரதத்தை உருவாக்கிக்கொள்ளும். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் கேடில்லை. அடுத்த பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்களை அந்தப் புரதம் அழிக்கும். கடும் மஞ்சள் காமாலையோ, கருவிலேயே மரணமோ நேரலாம். பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட்டால் இதைத் தடுக்க முடியும். 28ஆவது வாரத்திலும் ஒரு ஊசி போடுவது பாதுகாப்பை இன்னும் உயர்த்துகிறது. கருச்சிதைவுக்குப் பிறகும் இது பொருந்தும் என்பதைப் பல குடும்பங்கள் அறிவதில்லை. இந்த ஊசியின் பிறப்பிலும் ஏ, பி, ஓ வகைக்குப் பங்கு உண்டு. தாய்க்கும் சேய்க்கும் ஏ, பி, ஓ வகையும் பொருந்தாமல் இருந்தால், கலந்த அணுக்களைத் தாயின் உடல் உடனே அழித்துவிடுவதால், ஆர்எச் பிரச்சினை அரிதாகவே வருகிறது என்பது கவனிக்கப்பட்டிருந்தது. அந்த இயற்கைப் பாதுகாப்பைச் செயற்கையாகக் கொடுத்தால் என்ன என்று சிந்தித்து லிவர்பூலில் இந்தச் சிகிச்சையை வளர்த்தவர்களுள் முன்னின்றவர், மேலே வயிற்றுப் புண் ஆய்வில் வந்த அதே சிரில் கிளார்க். வண்ணத்துப்பூச்சிகளின் மரபியலை ஆராய்வது அவருடைய பொழுதுபோக்கு.

ரத்த வகைக்கேற்ற உணவு என்ற ஒன்றைப் பற்றி நீட்டிப் பேச ஏதுமில்லை. ஏ வகையினர் சைவமும் ஓ வகையினர் இறைச்சியும் உண்ண வேண்டும் என்ற அந்தக் கூற்றை டொரான்டோ பல்கலைக்கழகத்தினர் சுமார் 1,450 பேரிடம் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டனர். காய்கறி மிகுந்த உணவை உண்டவர்களுக்கு நன்மை இருந்தது. ஆனால் அவர்களுடைய வகை எதுவாக இருந்தாலும் அதே நன்மைதான்.

ரத்த வகையும் சிக்கிளும் உண்மையிலேயே சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது. சிக்கிள் நோயாளிகளில் சிலருக்கு வாழ்நாளில் பலமுறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஏ, பி, ஓ வகையும், பாசிட்டிவா நெகட்டிவா என்று காட்டும் ஆர்எச் டி அடையாளமும் மட்டும் பொருந்தினால் ஒன்றிரண்டு முறைக்குப் போதும். திரும்பத் திரும்ப ஏற்றும்போது ஆர்எச் அமைப்பின் மற்ற அடையாளங்களான சி, இ ஆகியவையும், கெல் போன்ற வேறு வகைகளும் பொருந்தாமல் போனால், நோயாளியின் உடல் அவற்றுக்கு எதிர்ப்புரதங்களை வளர்த்துக்கொள்ளும். பிறகு அவருக்குப் பொருந்தும் ரத்தம் கிடைப்பதே அரிதாகிவிடும். அதனால், முதன்முறை ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே இந்த அடையாளங்களையெல்லாம் சோதித்துக் குறித்து வைத்துக்கொள்ளும்படி மருத்துவ வழிகாட்டல்கள் கூறுகின்றன. இந்தச் சிறு வகைகளின் விகிதமும் சமூகத்துக்குச் சமூகம் வேறுபடுவதால், ஒரு பணியர் குழந்தைக்கு மிகப் பொருத்தமான ரத்தம், சிக்கிள் மரபணு இல்லாத இன்னொரு பணியரிடமே கிடைக்க வாய்ப்பு அதிகம். கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் பழங்குடி இளைஞர்களைத் தானக்காரர்களாகச் சேர்த்து, அவர்களுடைய வகையைக் குரூப் அட்டையின் இரண்டு எழுத்துகளோடு நிறுத்தாமல் முழுமையாகப் பதிவு செய்து வைப்பது, அங்குள்ள நோயாளிகளுக்கு நேரடியாகப் பயன்படும் வேலை.